தலையிலா, தோளிலா, இடுப்பிலா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாணவர் பக்கத்தில் தினமும் ஓர் ஆங்கிலச் சொல்லை எடுத்து, தமிழில் பொருள் கொடுத்து, ஒரு சின்னக் கட்டம் வெளியிடுகிறீர்கள். மாலையில் என் வீட்டுத் திண்ணைக்குப் படிக்க வரும் தெருப் பிள்ளைகள் அதை வெட்டி நோட்டில் ஒட்டி வைக்கிறார்கள். நல்ல முயற்சி. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன். இடம் போதாதென்றால் வெட்டிக்கொள்ளுங்கள். விஷயத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

சென்ற வாரம் வந்த சொல் ‘கேரி’. ‘சுமத்தல், எடுத்துச் செல்லல்’ என்று பொருள் போட்டு, கூலியாள் மூட்டை சுமக்கும் ஒரே ஒரு வாக்கியத்தோடு முடித்திருந்தீர்கள். மறுநாள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, தன் பாடங்களில் அந்தச் சொல் வந்த இடங்களையெல்லாம் தேடிப்பிடித்து, நீங்கள் தந்த பொருளை வைத்துத் தமிழாக்கிக்கொண்டு வந்தாள். ‘தீர்மானம் சுமக்கப்பட்டது.’ ‘கொசு டெங்குவைச் சுமக்கிறது.’ ‘அவர் குரல் கடைசி வரிசை வரைக்கும் சுமந்தது.’ பிள்ளைமேல் குற்றமே இல்லை. அச்சில் வந்ததை நம்பி உழைத்திருக்கிறாள். அந்த உழைப்பு வீணாகலாமா என்பதுதான் என் வருத்தம்.

இந்தச் சொல்லைப் பற்றி எழுத எனக்குத் தனியாக ஒரு காரணமும் இருக்கிறது. என் கணவர் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர். எண்பதுகளில் அவர் பிலிப்பைன்ஸ் நாட்டு லாஸ் பான்யோஸ் ஊரிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போனார். நானும் கைக்குழந்தையோடு கூடப் போனேன். ஐ.ஆர்.8, ஐ.ஆர்.20 என்று நம் வயல்களுக்கு வந்த நெல்லுக்கெல்லாம் பிறந்த வீடு அது. 1960-இல் தொடங்கிய அந்த நிறுவனத்துக்கு 1982 முதல் 1988 வரை தலைமை இயக்குநராக இருந்தவர் நம் கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ்.சுவாமிநாதன். மணிலாவுக்குத் தெற்கே, மக்கீலிங் மலை அடிவாரத்தில், பெரிய ஏரியை ஒட்டி இருக்கிறது ஊர். லகூனா மாகாணம். தகாலோக் மொழி வேரோடிய மண்.

நிறுவனத்தில் எல்லோரும் ஆங்கிலம் பேசினார்கள். சந்தையில் அது பாதி வேலைக்குத்தான் உதவும். ஆகவே தகாலோக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். வீட்டு வேலையில் உதவ வந்தவர்தான் எனக்கு ஆசிரியர். அவரை நாங்கள் ‘ஆத்தே’ என்றுதான் கூப்பிடுவோம். அவர்கள் மொழியில் அக்கா என்று பொருள். என்னை அவர் ‘மாம்’ என்பார். ஆங்கிலம் கலந்து பேசுவார். ஒருநாள் அவரிடம், ‘கேரி’ என்பதற்கு உங்கள் மொழியில் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். பதில் வரவில்லை. திருப்பிக் கேள்விதான் வந்தது. “சாஆன், மாம்? சா ஊலோ? சா பலீகத்?” எங்கே வைத்து? தலையிலா, தோளிலா?

அதற்குப் பிறகு தெருவில் யார் எதைத் தூக்கிக்கொண்டு போனாலும் நின்று பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. (அவர்கள் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதினால் ஒலி கொஞ்சம் விலகும், வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.) தலையில் வைத்துச் சுமந்தால் ‘சூனோங்’. காலையில் அரிசி மாவுப் பலகாரம் விற்கிற பெண்கள், வட்ட முறம் மாதிரியான ‘பிலாவோ’ தட்டைத் தலையில் வைத்து வாழையிலையால் மூடிக்கொண்டு போவார்கள். அது சூனோங். தோளிலோ முதுகிலோ ஏற்றினால் ‘பசான்’. நெல் மூட்டையும் பசான், புனித வாரத்தில் பக்தர் தோளில் ஏற்றிக்கொள்ளும் சிலுவையும் பசான். மணிலாவின் கியாப்போ ஆலயத்தில் ஜனவரி 9 அன்று பெருங்கூட்டம் சூழ ஊர்வலம் போகிற கருப்பு நசரேயன் சிலை, சிலுவையைப் பசான் செய்கிற கிறிஸ்துவின் உருவம்தான். அக்குளில் இடுக்கிக்கொண்டால் ‘கிப்கிப்’. பை, வாளி, காலைக் கட்டிய கோழி என்று கையில் தொங்கவிட்டுப் பிடித்துப் போனால் ‘பித்பித்’. இடுப்புக் கயிற்றில் அரிவாளைச் செருகிக்கொண்டால் ‘சுக்பித்’. ஜீப்னி வண்டியின் நெரிசலில் பிள்ளையை மடியில் உட்காரவைத்துக்கொண்டால் ‘கன்டோங்’. 

நான் என் மகனைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போவேன். நம் ஊர்ப் பழக்கப்படி இடுப்பில்தான். மீன் விற்கிற அம்மாள் ஒருவர் என்னைப் பார்த்ததும் பக்கத்துக் கடைக்காரியிடம் ‘கீலிக்’ என்று சொல்லிச் சிரித்தார். எங்கள் ஆத்தேயிடம் விசாரித்தேன். இடுப்பெலும்பின் மேல் வைத்து, ஒரு கையால் அணைத்துப் பிடிப்பதற்குக் ‘கீலிக்’ என்று பெயராம். பிள்ளையை மட்டும் இல்லை, குடத்தையும் கீலிக் செய்யலாம், துணிக்கூடையையும் செய்யலாம். நாம் ஒக்கலில் வைத்துக்கொள்வது என்கிறோமே, அதேதான். ‘ஒக்கல்’ என்ற சொல்லை என் அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதற்கு ஒரு ஜோடியை லகூனா ஏரிக்கரையில் சந்தித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. பெரியவர்கள் முதுகில் பிள்ளைகள் தொற்றிக்கொள்ளும் உப்புமூட்டைக்கும் அங்கே ஒரு சொல் உண்டு: ‘பபா’. என் மகன் தமிழில் ‘உப்புமூட்டை’ சொல்லக் கற்றுக்கொள்வதற்கு முன்பே அதைச் சொல்லிவிட்டான்.

எனக்கு மிகவும் பிடித்தது ‘பிங்கா’. காலையில் தெருக்கோடியில் “தஹோஓஓ” என்று ஒரு நீண்ட குரல் கேட்கும். தஹோ என்பது சோயாப் பாலைத் திரித்துச் செய்த, பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கும் ஒரு சிற்றுண்டி. வெல்லப்பாகும் ஜவ்வரிசியும் மேலே ஊற்றிச் சுடச்சுடத் தருவார்கள். விற்பவர் தோளில் ஒரு நீண்ட கழி. அதன் இரு முனைகளிலும் இரண்டு அலுமினிய வாளிகள். ஒன்றில் தஹோ, மற்றதில் பாகும் ஜவ்வரிசியும் குவளைகளும். அந்தக் கழிதான் பிங்கா. நடக்கும்போது கழி வளைந்து நிமிரும். அந்த அசைவோடு அவர் காலடியும் சேர்ந்துகொள்ளும். நின்று இறக்கும்போது முழங்காலை மடக்கி இரண்டு வாளிகளையும் ஒரே நேரத்தில் தரையில் வைப்பார். ஒன்று முந்தினால் மற்றது சாய்ந்துவிடும். தோள் மாற்றும்போது கழுத்தைக் குனிந்து கழியைப் பிடரி வழியாக அந்தப் பக்கம் நகர்த்துவார், ஒரு சொட்டுப் பாகு சிந்தாது. நம் காவடியும் இதுதானே? முருகனுக்கு எடுப்பதற்கு முன்னால் அது தண்ணீரும் பாலும் மண்பாண்டமும் கொண்டுபோன கருவிதான். காவுகிற, அதாவது தோளில் சுமந்து போகிற தடி.

இப்படி உடம்பின் ஒவ்வோர் இடத்துக்கும் ஒவ்வொரு சொல் வைத்திருப்பவர்களுக்குப் பொதுச்சொல் கிடையாதா என்று கேட்கலாம். உண்டு, ‘டலா’. எங்கே வைத்திருக்கிறோம் என்பது முக்கியமில்லாமல், கூடக் கொண்டுபோவது அல்லது கொண்டுவருவது. உங்கள் கட்டத்தில் ‘எடுத்துச் செல்லல்’ என்று போட்டிருந்தது இதற்குத்தான் சரியாகப் பொருந்தும். விருந்துக்குப் போனால், “அனோங் டலா மோ?” என்ன கொண்டுவந்தாய்? மழையைக் கொண்டுவரும் காற்றுக்கும் டலா, டெங்குவைக் கொண்டுவரும் கொசுவுக்கும் டலா. உடுத்தியிருக்கும் உடை ஒருத்திக்கு எடுப்பாக இருந்தால், அவளுக்கு உடையை டலா செய்யத் தெரிகிறது என்பார்கள். ஆற்று வெள்ளம் அடித்துக்கொண்டு போனாலும், பேச்சின் வேகத்தில் தன்னை மறந்தாலும், ‘நடலா’.

கர்ப்பிணியை அவர்கள் சொல்லும் விதங்களில் ஒன்று ‘நக்டடலாங்தாவோ’. தாவோ என்றால் மனிதர். ஒரு மனிதரைத் தன்னோடு கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம். அன்றாடப் பேச்சில் ‘புன்தீஸ்’ என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவார்கள். மரியாதையாகச் சொல்ல வேண்டிய இடத்தில் இந்த நீண்ட சொல் வரும். ஆங்கிலத்திலும் கர்ப்பிணியைப் பற்றி ‘கேரி’ என்ற வினையைச் சொல்வது உண்டு. தமிழில் நாம் பத்து மாதம் சுமந்தேன் என்கிறோம். நம் பக்கத்துச் சாலையோரங்களில் இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைக் கிடத்திய சுமைதாங்கிகள் இன்னும் சில நிற்கின்றன. வழிப்போக்கர்கள் பிறர் உதவி இல்லாமல் தலைச்சுமையை இறக்கி ஏற்றிக்கொள்ளக் கட்டியவை. வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்களின் நினைவாக அவற்றை நிறுவுவது வழக்கம். இறக்கி வைக்காமல் போன சுமைக்காக, மற்றவர்கள் சுமை இறக்க ஒரு கல். ‘கேரி’ என்ற சொல்லைக் கற்றுத்தரும் ஆசிரியர் வகுப்பில் இதைச் சொன்னால், பிள்ளைகள் அந்தச் சொல்லை மறப்பார்களா?

‘டலா’வோடு ஒரு முன்னொட்டுச் சேர்த்தால் ‘படலா’. எடுத்துப்போகச் செய்தது என்று பிரித்துப் பொருள் சொல்லலாம். ‘கொடுத்தனுப்பினது’ என்ற நம் பேச்சுச் சொல்தான் இதற்கு மிக நெருக்கம். வெளிநாட்டில் வேலை செய்கிறவர்கள் வீட்டுக்கு அனுப்பும் பணத்துக்கும், துணிமணி, சோப்பு, சாக்லேட் நிரப்பிய பெரிய அட்டைப் பெட்டிக்கும் இதுதான் பெயர். பிலிப்பைன்ஸில் எந்த ஊர்க் கடைத்தெருவுக்குப் போனாலும் பணம் அனுப்பும் கடைகளின் பலகையில் இந்தச் சொல்லைப் பார்க்கலாம். எங்கள் ஆத்தேயும் பின்னாளில் ஹாங்காங்குக்கு வீட்டு வேலைக்குப் போனார். அவருடைய படலாவில்தான் தம்பி தங்கைகள் படித்தார்கள். குடும்பப் பொறுப்பை அவர்கள் ‘பசானின்’ என்பார்கள், தோளில் ஏற்றியது. வீட்டின் மூத்த பெண் தோளில் ஏற்றிக்கொண்டதை ஊருக்குப் படலாவாக அனுப்புகிறாள். இந்த இரண்டு சொல்லையும் ஆங்கிலத்தில் சொல்லப் போனால் இரண்டு இடத்திலும் ‘கேரி’யைக் கொண்டுவந்து நிறுத்தலாம். ஆனால் ஒன்றின் பாரமும் மற்றதன் பாசமும் அதில் பிரிந்து தெரியாது.

தூக்குவதற்கு ‘பூஹத்’. அதில் ஒரு மரபுத்தொடர் எனக்கு மிகவும் பிடிக்கும். ஒருவர் தன் பெருமையைத் தானே பேசினால், தன் பெஞ்சைத் தானே தூக்குகிறார் என்பார்கள். உட்காருகிற பெஞ்சை உயர்த்திக்கொண்டால் தானும் உயரமாகத் தெரியலாம் என்ற எண்ணம். தம்பட்டம் அடிப்பது என்கிற நம் வழக்கு காதுக்கு; அவர்களுடையது கண்ணுக்கு.

இனி ஆங்கிலச் சொல்லுக்கு வருகிறேன். ஸ்பானியர்கள் அந்தத் தீவுகளை 300 ஆண்டுகளுக்கு மேல் ஆண்டார்கள். அவர்களிடமிருந்து ‘கர்கா’ என்ற சொல் தகாலோக்கில் நுழைந்தது: சரக்கு ஏற்றுவது, சுமப்பது. மூட்டை தூக்கும் தொழிலாளிக்குக் ‘கர்கடோர்’ என்று பெயர். மணிலாவின் திவிசோரியா சந்தையில் நாள் முழுக்க இந்தச் சொல் காதில் விழும். பிறகு அமெரிக்கர்கள் வந்தார்கள். 1901 ஆகஸ்டில் ‘தாமஸ்’ என்ற கப்பலில் சுமார் 500 ஆசிரியர்கள் வந்து இறங்கினார்கள். பள்ளிகளில் ஆங்கிலம் ஊன்றியது. அந்த வழியில் வந்தது ‘கேரி’. சொல்லின் பிறப்பைப் பார்த்தால், ஸ்பானிய மொழியிலிருந்து வந்த கர்காவும் ஆங்கிலத்துக் கேரியும் ஒரே பாட்டியின் பேத்திகள். லத்தீனில் வண்டியைக் குறிக்கும் ‘கர்ருஸ்’ என்ற சொல்லிலிருந்து இரண்டும் கிளைத்தவை. இது தெரிந்தபோது எனக்கு ஒன்று விளங்கியது. கேரி வண்டியிலிருந்து பிறந்த வினை. ஏற்றி, நகர்த்தி, வேறோர் இடத்தில் இறக்குவது அதன் அடிப்படை. எந்தத் தோளில், எந்த இடுப்பில் என்று அது கேட்காது. அதனால்தான் அது வண்டிபோலவே எதையும் ஏற்றிக்கொள்கிறது: தீர்மானத்தை, நோயை, குரலை, கடைச்சரக்கை. சூனோங், கீலிக் எல்லாம் உடம்பிலிருந்து பிறந்த சொற்கள். இரண்டும் இரண்டு வகை அறிவு. ஒன்றை வைத்து மற்றதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

இதைச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. உங்கள் கட்டம் வந்த இரண்டொரு நாளில் வாசகர் ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். ஒரே சொல் இத்தனை வேலை செய்வதே ஆங்கிலத்தின் வளம், கிழக்கத்திய மொழிகளுக்கு அந்த நெகிழ்வு இல்லை என்பது அவர் கருத்து. ஆங்கிலத்தின் ஆற்றலை நான் மறுக்கவில்லை; வாழ்நாள் முழுக்க அதைக் கற்பித்தவள். ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்கள் ‘ரன்’ என்ற ஒரு வினைக்கு மட்டும் 645 பொருள் கண்டிருக்கிறார்கள். ஆனால் நெகிழ்வு இல்லாத மொழி என்று எதுவும் கிடையாது. மேலே சொன்ன ‘டலா’ எத்தனை திசையில் நீள்கிறது என்று பார்த்தோம். போதாதென்றால் இன்னொன்று சொல்கிறேன். மணிலா இளைஞர்கள் இந்த ஆங்கிலக் கேரியையே எடுத்து, ‘கேரி’ என்று தங்கள் உச்சரிப்பில் வைத்து, முற்றிலும் புதிய பொருள் கொடுத்துவிட்டார்கள். “கேரி மோ யான்!” என்றால் உன்னால் முடியும், சமாளித்துவிடுவாய் என்று அர்த்தம். “கேரி லாங்” என்றால் பரவாயில்லை, தாங்கிக்கொள்ளலாம். தேர்வுக்குப் போகிற பிள்ளையிடமும் நேர்காணலுக்குப் போகிற தோழியிடமும் சொல்வார்கள். எந்த ஆங்கிலேயருக்கும் இந்தப் பொருள் தானாக விளங்காது.

நாமும் சும்மா இருக்கவில்லை. அதே சொல்லிலிருந்து சைக்கிள் கேரியர், டிபன் கேரியர், கேரி பேக் மூன்றையும் நம் வீட்டுப் பொருளாக்கிக்கொண்டோம். கடைக்காரரிடம் ‘ஒரு கேரி பேக் குடுங்க’ என்று கேட்கும் பாட்டிக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இந்த மூன்றையும் தொட்டுக் காட்டியபடி ‘கேரி’யைக் கற்பித்தால் சொல் பிள்ளைக்கு அந்நியமாகவே இருக்காது.

மற்ற பொருள்களுக்குத் தகாலோக்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் கோரிக்கை அதில்தான் இருக்கிறது. கூட்டத்தில் தீர்மானம் ‘கேரி’ ஆனால் ‘பினக்திபாய்’, அதாவது உறுதியாக்கப்பட்டது. குரல் ‘கேரி’ ஆனால் ‘உமாஆபோத்’, எட்டுகிறது. கடையில் ஒரு சரக்கு இருந்தால் ‘தின்டா’, விற்பனைக்கு வைத்திருப்பது. கட்டளையை நிறைவேற்றுவதற்கு ஒரு சொல், விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்கு ஒரு சொல். ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே ஒரே தகாலோக் சொல்லை நிறுத்தி அவர்கள் திருப்திப்படுவதில்லை. லியோ ஜேம்ஸ் இங்கிலீஷ் என்று ஓர் ஆஸ்திரேலியப் பாதிரியார், குடும்பப் பெயரே இங்கிலீஷ்தான், ஆங்கிலம்–தகாலோக் அகராதி ஒன்றைத் தொகுத்திருக்கிறார். அதன் 1977 பதிப்பு எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே கிடக்கும். ஒரு சொல்லின் பொருள்களை எண்ணிட்டுப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தகாலோக் சொல் கொடுத்து, வாக்கியத்தில் வைத்துக் காட்டியிருப்பார். காய் நறுக்கிக்கொண்டே நானும் ஆத்தேயும் அந்த வாக்கியங்களை உரக்கப் படிப்போம். அகராதிச் சொல் அவருடைய ஊர்ப் பேச்சோடு ஒட்டாத இடத்தில் முகத்தைச் சுளித்து, “இப்படி யாரும் சொல்லமாட்டார்கள், மாம்” என்பார். நான் பென்சிலால் ஓரத்தில் அவர் சொன்னதை எழுதி வைப்பேன். அகராதி எழுதும் வழக்கம் அந்த மண்ணுக்குப் புதிதல்ல. லாஸ் பான்யோஸுக்குக் கிழக்கே, அதே ஏரிக்கரையில், பிலா என்று ஒரு பழைய ஊர். தகாலோக் மொழியின் முதல் அச்சு அகராதி 1613-இல் அங்கேதான் அச்சானது. தொகுத்தவர் ஸ்பானியத் துறவி சான் புவெனவெந்தூரா. அச்சிட்டவர்களில் ஒருவர் தோமாஸ் பின்பின் என்ற தகாலோக்காரர். பிலாவின் சதுக்கத்தில் நின்று, தமிழையும் இதேபோல் பாதிரியார்கள்தானே முதலில் அச்சேற்றினார்கள் என்று என் கணவரிடம் பேசிக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது.

இப்போது கோரிக்கை. ‘கேரி’ கட்டத்தை மறுபடி போடுங்கள். இந்தமுறை அதைக் கொஞ்சம் அகலமாக்கி, நான்கைந்து வாக்கியங்கள் கொடுங்கள். தீர்மானம் நிறைவேறியது, குரல் எட்டியது, கடையில் கிடைக்கும், கொசு நோயைப் பரப்பும், ஆர்வத்தில் தன்னை மறந்தான் என்று ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய தமிழ் வினை தானாக வந்து நிற்கும். ஒரு பக்கம் ஆங்கிலம் தெளியும். இன்னொரு பக்கம், இது எனக்கு அதைவிட முக்கியம், நம்மிடம் இருக்கிற வினைகள் பிள்ளைகளின் கையில் மிஞ்சும். என் திண்ணைப் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்தேன். புத்தகத்தை அக்குளில் வைத்துக்கொள்வதும் ‘தூக்கிட்டுப் போறது’, இரண்டு உள்ளங்கையிலும் விளக்கைக் கொண்டுபோவதும் ‘தூக்கிட்டுப் போறது’, தலையில் புல்லுக்கட்டும் ‘தூக்கிட்டுப் போறது’. இடுக்குவது, ஏந்துவது, சுமப்பது, தாங்குவது எல்லாம் செய்யுளில் மட்டும் வருகிற சொற்களாக அவர்களுக்கு ஆகிவிட்டன. நான் ஒரு துடைப்பத்தை இடுக்கிக் காட்டினேன், ஒரு தட்டை ஏந்திக் காட்டினேன். சின்னவன் ஒருவன் உடனே எழுந்து தண்ணீர்க்குடத்தை இடுப்பில் வைத்து, ‘இதுக்கு என்ன பாட்டி?’ என்றான். கேள்வி எழுந்துவிட்டால் போதும், மொழி தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

‘காவு’ என்ற வினையை நாம் இங்கே ஏறக்குறைய தொலைத்தேவிட்டோம். காவடி என்ற பெயரில் மட்டும் வைத்திருக்கிறோம். யாழ்ப்பாணத்தில் அது இன்றும் வீட்டுப் பேச்சு. ‘அந்தப் பெட்டியைக் காவிக்கொண்டு வா’ என்பார்கள். நோயைக் கொண்டுபோய்ப் பரப்பும் கொசுவை, அவர்கள் பேச்சில் நுளம்பை, ‘நோய்க்காவி’ என்று இலங்கைப் பாடநூல்கள் சொல்கின்றன. அந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை கொசு டெங்குவைச் சுமக்கிறது என்று எழுதித் தடுமாறிய இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. உங்கள் கட்டத்தில் ஈழத்துச் சொற்களுக்கும் இடம் கொடுங்கள் என்று அழுத்திக் கேட்டுக்கொள்கிறேன்.

பிலிப்பைன்ஸில் 2013-இல் கொண்டுவந்த சட்டப்படி, மூன்றாம் வகுப்பு வரைக்கும் தாய்மொழியில் கற்பிக்கும் முறை இருந்தது. 2024 அக்டோபரில் வந்த புதிய சட்டம் அந்தக் கட்டாயத்தை நீக்கிவிட்டது. நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட மொழிகள், அத்தனைக்கும் புத்தகமும் ஆசிரியரும் தயார்செய்வது எளிதில்லைதான். ஆனாலும் எனக்கு மனம் ஆறவில்லை. நமக்கு அந்தச் சிரமம் இல்லை. ஒரே எழுத்து, பழுத்த அகராதிகள், தினமும் காலையில் வீடுதேடி வருகிற நாளிதழ்கள். அந்த நாளிதழ் ஆங்கிலம் கற்றுக்கொடுக்கும்போது தமிழை வெறும் விடைத்தாளாக நடத்தக் கூடாது.

அடுத்த மாதப் பட்டியலில் ‘பிரேக்’ என்ற சொல் வருவதாக அறிவித்திருக்கிறீர்கள். அதற்கு ‘உடைத்தல்’ என்று மட்டும் போட்டுவிட வேண்டாம். தகாலோக்காரர்கள் தட்டு உடைந்தால் ‘பாசாக்’ என்பார்கள், கை எலும்பு முறிந்தால் ‘பாலி’, கயிறு அறுந்தால் ‘பதித்’, இயந்திரம் பழுதானால் ‘சிரா’. நம்மிடமும் அப்படியே உடைதல், முறிதல், அறுதல், பழுதாதல் என்று தனித்தனியே இருக்கின்றன. தேங்காய்க்கு ஒன்று, குச்சிக்கு ஒன்று, நூலுக்கு ஒன்று, மோட்டாருக்கு ஒன்று. விரதம் முடிப்பதற்கும், கொடுத்த வாக்கைத் தவறுவதற்கும், இடைவேளைக்கும், பொழுது புலர்வதற்கும் ஆங்கிலத்தில் இந்த ஒரே சொல் வருமே, அவற்றையும் சேர்க்க வேண்டும். தேவையான வாக்கியங்களை எழுதி அனுப்ப நான் தயார். சன்மானம் வேண்டாம். கட்டத்தின் அளவையும், எந்தத் தேதிக்குள் வேண்டும் என்பதையும் மட்டும் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவர்,
ஆடுதுறை.